பாதத்துக்குக் கேட்ட பெட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தே கழித்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், தாளின் தலையில் ஒரு சிலுவை போடுவேன், அதற்குக் கீழே ஒரு வரிகூட வராது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு எழுத்து என்பது கூச்சம்தான். ஆனால் என் தயக்கம் அதனால் மட்டும் இல்லை. பேஸ் கிட்டாருக்கு ஆம்ப் வாங்கிய கதை இது. எங்கள் கோவிலில் நடந்தது ஒன்று, வெளியூரில் அதைச் சொல்வது வேறொன்று. வெளியூரில் சொல்வது பெரிதாகவும் அழகாகவும் இருக்கிறது. நான் உள்ளதைச் சொன்னால், இவனுக்கு விசுவாசம் போய்விட்டது என்று நினைப்பார்களோ என்று பயந்தேன். இப்போது அந்தப் பயத்தை ஆண்டவர் பாதத்தில் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நெல்லும் கடலையும் போடுகிற ஊர். கோவிலுக்குள் இடது பக்கம், பெண்கள் உட்காரும் இடத்துக்கு முன்னால், பாடற்குழுவுக்கென்று ஒரு பலகை மேடை உண்டு. முழங்கால் உயரம்கூட இருக்காது. மழைக்காலத்தில் தரையில் ஓதம் ஏறுகிறதென்று எப்போதோ அடித்துப் போட்டது. அடியில் வெற்றிடம். வெறுங்காலோடு ஏறி நின்றால், கோடையிலும் அந்தப் பலகை பாதத்துக்கு இதமாக இருக்கும். அந்த மேடையில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என் மனைவி பாடுகிறாள்.

பேஸ் கிட்டாரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் நாலே கம்பி, ஒவ்வொன்றும் தடிமன். தனியாக வாசித்தால் என்ன பாட்டு என்று யாருக்கும் பிடிபடாது. ஆம்ப் என்கிற பெட்டியில் ஒயரைச் சொருகினால்தான் அதற்கு உயிர் வரும். அப்போதும் அது பாதி காதிலும் பாதி நெஞ்சுக்கூட்டிலும்தான் விழும். பூசை முடிந்து வெளியே வரும்போது, "இன்னைக்கு வாசிச்சீங்களாண்ணே?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

என் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு காது கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது, வாய்க்கால் வற்றுகிற மாதிரி. முதலில் குருவிகள் போயின. பிறகு குக்கர் விசில் போனது. பிறகு என் குரல். காது மிஷின் வைத்துப் பார்த்தோம். பேச்சு வரவில்லை, இரைச்சல்தான் வந்தது. அவள் அதைக் கழற்றி மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள்.

இனி மேடைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து நின்றாள். பாட்டு எண்ணைப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினேன். நான் வாசிக்கத் தொடங்கினேன். எந்த இடத்தில் பெண்கள் எடுக்க வேண்டுமோ அந்த இடத்தில், அரை நொடி முன்பின் இல்லாமல் எடுத்தாள். வீட்டுக்கு வந்து கையை விரித்து, எப்படி என்று கேட்டேன்.

"காலு சொல்லுதுங்க" என்றாள். "நீங்க வாசிக்கிறது பலகை வழியா ஏறி உள்ளங்கால்ல வந்து முட்டுது. எங்க எடுக்கணும், எங்க நிறுத்தணும்னு அதுவே சொல்லிருது."

"சுதி?" என்று வாயை மட்டும் அசைத்தேன். நான் பேசினால் அவள் என் உதட்டைத்தான் பார்ப்பாள்.

"சுதி ஆண்டவர் பாடு. நான் மெதுவாத்தான பாடுறேன்."

அப்படியே வருஷங்கள் போயின. மற்ற நாட்களில் அவள் எல்லாரையும் விட்டுக் கொஞ்சம் தள்ளி, தூக்கத்தில் நடப்பவளைப் போல வேலை செய்துகொண்டிருப்பாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், தோளைத் தொட வேண்டும். மேடையில் ஏறியதும் முகம் மாறிவிடும். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு ஆள் மேலே வருகிற மாதிரி இருக்கும்.

அந்த மேடையில் இருந்த பழைய ஆம்ப் ஒரு டிரங்குப் பெட்டி அளவு. கனமோ சொல்லி மாளாது. இரண்டு ஆண்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கி, வைத்த இடத்தில் வைத்ததுதான். அப்புறம் அதை யாரும் அசைக்கவில்லை. திருவிழாவுக்கு வெளியே எடுக்க வேண்டுமென்றால் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பிறகு எனக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆனது. இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வருஷம் தவக்காலத்தில் அந்தப் பெட்டி ஒரு தரம் முனகி, கொஞ்சம் புகைந்து, நின்றுபோனது. ரிப்பேர் கடையில் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாமான் இப்ப வர்றதில்லண்ணே" என்றார்கள்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் கிட்டாரைத் தொடவில்லை. அவள் மேடையில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் உதட்டைப் பார்த்துப் பின்னாலேயே ஓடிப் பார்த்தாள். பாட்டு அவளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு அவள் மேடைக்கு வரவில்லை. பின் சுவரோரம், தூணுக்குப் பக்கத்தில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பங்குச் சாமியும் அதைப் பார்த்தார். பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "கனமில்லாத பெட்டியா ஒண்ணு வாங்கிருவோம்" என்றார். கோவிலுக்கு ஆம்ப் வேண்டும் என்று அவர் அனுப்பினார். அவளை அந்தத் தூணிலிருந்து எழுப்ப வேண்டும் என்று நான் போனேன்.

திருச்சியில் வாத்தியக் கடை வைத்திருப்பவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், பழக்கமானவர். புதிதாக வந்த லேசான ஆம்ப் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றின் முகத்தில் கறுப்புக் கம்பிவலை, மற்றதில் சாம்பல் நிறத் துணி. மற்றபடி அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஒற்றைக் கையால் தூக்கினேன். உள்ளே ஒன்றுமே இல்லாத பெட்டியைத் தூக்கிய மாதிரி கை மேலே போய்விட்டது.

"ரெண்டும் ஒரே எடை, ஒரே வாட்ஸ், ஸ்பீக்கரும் ஒரே அளவு. விலையும் முன்னப்பின்னதான்" என்றார் கடைக்காரர். "கறுப்பு கொஞ்சம் பளிச்சுனு பேசும். சாம்பல் கொஞ்சம் உருண்டு பேசும். சில நாள் எனக்கே வித்தியாசம் தெரியாது."

வாசித்துப் பார்த்தேன். கறுப்பில் வாசிக்கும்போது கறுப்புதான் என்று தோன்றியது. சாம்பலில் வாசிக்கும்போது அதை எப்படி விடுவது என்று இருந்தது. கடைக்கு வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போய், வேறு ஆட்கள் வந்தார்கள். நான் இங்கிட்டும் அங்கிட்டும் ஒயரை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

"நீங்களே ஒண்ணைச் சொல்லிருங்க" என்றேன்.

"ஒங்களுக்குப் பொண்ணு பாக்க நான் வந்து தலையாட்ட முடியுமாண்ணே? ரெண்டையும் கொண்டுபோய்க் கோவில்ல வச்சுப் பாருங்க. மனசுக்குப் பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைத் திங்கக்கிழமை கொண்டாங்க."

பஸ்ஸில் இரண்டையும் மடியில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக வைத்து உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "என்னண்ணே, ரெட்டைப் புள்ளையா?" என்றார்.

"ஒண்ணைத் திருப்பிக் குடுத்துரணும்."

"பாவம். எதை?"

"அதான் தெரியல."

வெயில் சாய்ந்த ஜன்னலோரம். பஸ்ஸின் நடுக்கம் காலடிப் பெட்டி வழியாக ஏறி, மடிப் பெட்டி வழியாக இறங்கியது. அப்படியே கண் சொக்கிவிட்டது. கனவில் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து கிடந்தது. பலகை மேடை அதில் தெப்பம் மாதிரி மிதந்தது. என் மனைவி அதன்மேல் பாட்டுப் புத்தகத்தோடு நின்றாள். நான் கரையில் கிட்டாரை வைத்துக்கொண்டு ஒயரை நீட்டுகிறேன், ஒயர் எட்டவில்லை. மேடை மெதுவாக விலகிப் போகிறது. அவளுக்கு அதில் பயம் எதுவும் இல்லை, எனக்குத்தான். விழித்துப் பார்த்தால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. இரண்டு பெட்டிகளும் பத்திரமாக இருந்தன. நான் கையில் செபமாலையைத் தேடினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பழக்கம். மேற்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக நீலமும் சிவப்பும் தரையில் விழுந்திருந்தன. நான் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குவதற்குள் எங்கள் உபதேசியார் ஓடிவந்தார். கோவில் காரியம் எல்லாவற்றையும் முன்னின்று பார்ப்பவர்; சாமிக்கு அடுத்தபடி அவர்தான். "தரையில வைக்காதீங்க, தரையில வைக்காதீங்க. சாமி, வந்து மந்திரிச்சுருங்க" என்றார்.

"எதை வாங்கப் போறோம்னு இன்னும் முடிவாகலயே" என்றார் சாமி.

"எது நிக்கப்போகுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் மந்திரிச்சுட்டா ஒரு பயமும் இல்ல."

சாமி சிரித்துக்கொண்டே செபம் சொல்லி, இரண்டின் மேலும் தீர்த்தம் தெளித்தார். உபதேசியார் ஒரு மேசையைக் கொண்டுவந்து மேடைக்குப் பக்கத்தில் போட்டார். வெள்ளைத் துணியை நாலாக மடித்து மேலே விரித்தார். மந்திரித்த பொருளல்லவா. இரண்டு பெட்டிகளும் அதன்மேல் புனிதர்களின் சுரூபங்கள் மாதிரி நின்றன. பூமாலை போடாததுதான் குறை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெட்டியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு ஒயரைச் சொருகினேன்.

என் மனைவியைத் தூணோரத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து மேடையில் நிறுத்தினேன். அவளுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு. கறுப்பில் தொடங்கினேன். பெண்கள் எடுக்கும் இடம் வந்தது. மற்றவர்கள் எடுத்தார்கள். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. சாம்பலுக்கு மாற்றினேன். அந்த இடம் வந்தது, போனது. மறுபடி தலையை ஆட்டினாள்.

மற்றவர்களுக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "கறுப்புதான் தெளிவு" என்றார் ஆர்மோனியம் வாசிக்கிற அக்கா. "சாம்பல்ல ஒரு குழைவு இருக்குல்ல?" என்றார் சாமி. எனக்கு அந்தப் பேச்சே எங்கோ தூரத்தில் கேட்டது. குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி கிறுகிறுத்தது. சாமி காதைப் பொத்திக்கொண்டு, "கண்ணாடி ஒடஞ்சா ஆயருக்கு யாரு பதில் சொல்றது? கொறைங்க" என்றார். குறைத்தேன். அவள் பாதங்கள் பலகையில் அப்படியே இருந்தன, தபாலுக்குக் காத்திருப்பவர்களைப் போல.

லேசான பெட்டிக்கு அந்தச் சக்தி கிடையாது போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிட்டேன். கனம்தான் அவளுக்குக் கேட்டிருக்கிறது. கனத்தைத் தூக்க என் உடம்பில் தெம்பு இல்லை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் எது, எது என்று அலைந்தேனே, இரண்டுமே இல்லையா? உள்ளுக்குள் அழுதுகொண்டே வெறுமனே ஒரு கம்பியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் மேடையைவிட்டு இறங்கி மேசைக்கு வந்தாள். நான் தட்டிக்கொண்டிருந்த கம்பி சாம்பல் பெட்டியில் பேசிக்கொண்டிருந்தது. பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். முகம் மலர்ந்தது. அப்படியே கையைக் கீழே இறக்கித் துணியைத் தொட்டாள். மேசைக் காலைத் தொட்டாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தாள்.

"இங்கேயே நிக்குதுங்க" என்றாள் என்னைப் பார்த்து. "துணிக்கு மேலயே நிக்குது. கீழ எறங்கல. பலகையில வைங்க."

உபதேசியார் அவளுக்குப் பின்னாலிருந்து பதறினார். "தாயி, அது மந்திரிச்ச பொருளு. நாம மிதிக்கிற பலகையிலயா வைக்கிறது? பாவம்ல. வேண்டாம் தாயி, எடுக்காத."

அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. சாம்பல் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, குடத்தைத் தூக்குகிற மாதிரி ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டுபோய்ப் பலகையில் வைத்துவிட்டாள். பழைய பெட்டியை அவளால் ஒரு விரற்கடை நகர்த்தியிருக்க முடியாது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பழைய பெட்டியும் மந்திரித்ததுதான். தூக்க முடியாத கனம் என்பதால்தான் அதை மேசையில் ஏற்றி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது அத்தனை வருஷமும் அவள் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

வாசித்தேன். அவள் கால்விரல்கள் மெல்ல விரிந்தன. அந்த இடம் வந்தது. அவள் எடுத்தாள். கொஞ்ச நாளாகப் பாடாத குரல், முதலில் தடுமாறி, பிறகு நேராக வந்தது. சிவப்பு வெளிச்சம் அவள் பாதத்தில் கிடந்தது. அந்தப் பாட்டை நான் எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியாது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

முடிந்ததும் போய்க் கறுப்புப் பெட்டியைத் தூக்கி வந்து அதையும் பலகையில் வைத்தாள். மறுபடி வாசிக்கச் சொல்லிக் காலால் கேட்டாள். அப்புறம் சாம்பல். அப்புறம் கறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு, கறிக்கு உப்புப் பார்க்கிற முகத்தோடு நின்றாள். ஆர்மோனிய அக்கா என் காதோரம் வந்து, "சேலை எடுக்கக்கூட இவ இவ்வளவு நேரம் நிக்க மாட்டா" என்றார்.

"அது மழை பெய்யிறாப்ல இருக்கு" என்றாள் சாம்பலைக் காட்டி. "நல்லாத்தான் இருக்கு, எல்லாம் சேந்து வருது. இது ஆளு நடந்து வாராப்ல இருக்கு. ஒரு அடி, அப்புறம் ஒரு அடின்னு தனித்தனியா தெரியுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடந்து வாரதே இருக்கட்டுங்க" என்றாள்.

என் காதுக்குச் சாம்பல்தான் பிடித்திருந்தது. இன்றைக்கும் அதுதான் இனிமை என்று சொல்வேன். கறுப்பை வைத்துக்கொண்டோம்.

உபதேசியாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மடித்த துணியைக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் சொருகப் பார்த்தார். அவள் துணியைப் பிடித்து இழுத்துவிட்டாள். சாமி சமாதானம் பண்ணினார். "பெரிய வியாழக்கிழமை ஆண்டவரே தரையில குனிஞ்சு சீடருங்க காலைக் கழுவினாரு. இந்தப் பெட்டி தரையில உக்காந்தா என்ன கொறைஞ்சு போச்சு?" உபதேசியார் அந்தத் துணியைப் பெட்டியின் தலையில் போட்டு, இரண்டு பக்கமும் சரிசமமாகத் தொங்கவிட்டார். "பொம்பளைக பக்கம் இருக்குல்ல, முக்காடு போட்டுக்கிறட்டும்" என்றார். இன்றுவரை அது முக்காட்டோடுதான் இருக்கிறது.

திங்கட்கிழமை சாம்பல் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனேன். தீர்த்தம் தெளித்ததை மறைக்க மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். கடைக்காரர் பெட்டியைத் தடவிப் பார்த்து, "அப்ப சீக்கிரம் வித்துரும்" என்றார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை அவள் தலையை ஆட்டியதைப் பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை அவள் தவறாமல் பாடியதையும் பார்த்தார்கள். பார்த்ததைச் சொல்லச் சொல்ல, மந்திரித்த பெட்டியைத் தொட்டாள், காது திறந்துவிட்டது என்று வெளியூரில் பேச்சு பரவியது. எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவளைத் தெரியும். பேச்சு பஸ் ஏறிவிட்டது. திருமயத்தில் ஒரு கல்யாண வீட்டில் எனக்கே ஒருவர் அதைச் சொன்னார், நான்தான் அந்த ஆள் என்று தெரியாமல். சோற்றை அளைந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். மறுத்திருக்கலாம். நல்ல செய்தியைக் கேட்டவரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாய் வரவில்லை.

பிறகு ஒரு நாள் மீமிசலிலிருந்து ஒரு அம்மா தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு, கையில் மெழுகுவர்த்தியோடு எங்கள் கோவிலுக்கே வந்துவிட்டார். புருஷன் கடலுக்குப் போகிறவர். படகு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருந்து காது போய்விட்டதாம். "அந்தப் பெட்டியை இவரு ஒரு தடவை தொட்டுக்கிறட்டும் சாமி" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்னை யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. என் மனைவி அந்த அம்மாவின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். தன் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். "எனக்கும் கேக்காது தாயி" என்றாள். அந்த அம்மாவின் முகம் விழுந்ததை நான் மறக்க மாட்டேன்.

என் மனைவி அவரை விடவில்லை. அந்த அம்மாவின் புருஷனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி மேடையில் ஏற்றி நிறுத்தினாள். என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அவர் முதலில் ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு குனிந்து தன் காலையே பார்த்தார். பிறகு காலை அகட்டி, படகில் நிற்பவரைப் போல நின்றுகொண்டார். "இன்ஜினு ஓடுது" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மா அழுதுகொண்டே மெழுகுவர்த்தியை ஏற்றினார். மூன்று பேரும் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். நான் நாலாவதாகப் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவர்கள் வந்தபடியேதான் திரும்பிப் போனார்கள். அவர் காது திறக்கவில்லை.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். இன்னொரு குடும்பம் இப்படி மெழுகுவர்த்தியோடு பஸ் ஏறும் முன்பாவது எழுத வேண்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்தேன். ஆண்டவர் கொடுக்காததைக் கொடுத்தார் என்று சொன்னால், அது அவருக்கே பொய்ச்சாட்சி. கொடுத்ததைச் சொல்லாமல் விட்டால் அதுவும் நன்றிகெட்டதனம். அவர் அவளுக்குக் காதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பலகையைக் கொடுத்தார், பாதத்தைக் கொடுத்தார், அவள் ஒற்றைக் கையால் தூக்குகிற மாதிரி ஒரு பெட்டியைக் கொடுத்தார். நாளைக்கு ஞாயிறு. கிட்டாரை வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் கூப்பிட்டால் கேட்காது. எழுந்துபோய்த் தோளைத் தொடப் போகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை உங்கள் வீட்டிலும் உங்கள் கோவிலிலும் சொல்லுங்கள். சொல்லும்போது என் மனைவிக்குக் காது கேட்டது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பெட்டியைப் பலகையில் இறக்கி வைத்ததையும் விட்டுவிடாதீர்கள். நான் எழுதியபடி, இருந்தது இருந்தபடியே கொண்டுபோய்ச் சேருங்கள்.